டிராயரில் ஆறு மாதம் இருந்த கொக்கி

ஹார்டுவேர் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வீட்டில் ஏதாவது கழன்று கையோடு வந்தால்தான் எங்கள் ஞாபகமே வரும். மந்தைவெளியில் ஒரு சின்னக் கடையில் பதினோரு வருஷம் கவுண்டரில் நின்றவள் நான். ஆளைக் கூப்பிடாமல் ‘நானே பண்ணிக்கறேன்’ என்று கிளம்புகிறவர்கள்தான் எங்களைப் பிழைக்க வைத்தவர்கள். ஒரு வேலைக்கு மூன்று தடவை வருவார்களே! நீங்களும் அந்தக் கூட்டம்தானே? வெட்கப்படாதீர்கள், உங்கள் வீட்டு ஷெல்ஃப் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. முழங்கால் தகராறு பண்ணி நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆச்சு. எண்ணெயும் துருவும் கலந்த அந்த வாசனை இல்லாமல் இன்னமும் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

இதே மாதிரி ஒண்ணு

எங்கள் கடைக்கு அளவு எழுதிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். உடைந்த சாமானையே பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, “இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து, கைப்பையிலிருந்து ஒரு முழுப் பூட்டை எடுத்து வைத்தார். கதவில் பதிக்கிற பெரிய பூட்டு. அவரே ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார்.

“பூட்டைக் கழட்டிட்டீங்க, வாசக்கதவை எப்படிச் சாத்திட்டு வந்தீங்க?” என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார்: “எங்க வீட்டுக்காரரைக் கதவுல சாய்ஞ்சு உக்கார வச்சிட்டு வந்திருக்கேன், சீக்கிரம் குடும்மா!”

எலாஸ்டிக் அளவு

இனி கணேசன் சார். ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட், பேங்க் வேலை, முப்பத்தைந்து வயசு இருக்கும். சனிக்கிழமை தவறாமல் வருவார். போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பழைய பாட்டிலில் விளக்கு, பழம் வந்த பெட்டியில் செருப்பு ஸ்டாண்டு என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார். கை சும்மா இருக்காது.

முதல் தடவை வந்தது ஜன்னலுக்குக் கொசுவலை வாங்க. டேப் இல்லை என்று ஒரு பழைய பைஜாமாவிலிருந்து எலாஸ்டிக்கை உருவி, அதில் அளவெடுத்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் கடை ஏழுமலை அதை இழுத்துப் பிடித்து அளந்து வெட்டினான். வலை ஒரு அடி அதிகம், அவரே வெட்டிக் கோணலாக்கிவிட்டார். மறுபடி வந்தார். இந்த முறை இழுக்காமல் வெட்டினான். அரை அடி கம்மி. மூன்றாவது தடவை வந்தபோது ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. “சார், ஜன்னல் அளவு கேட்டா நீ இன்னா சார், இடுப்பு அளவு கொண்டாந்துகீற!”

பதினெட்டாம் தேதி

சுவரில் ஓட்டை போடுகிற மெஷின் ஒன்று கடையில் வாடகைக்கு உண்டு. கணேசன் சார் அதை ஆசையாக வாங்கிப் போனார். பழைய கட்டிடம், நடுச்சுவர் ரொம்ப மெல்லிசு. மனுஷன் உற்சாகத்தில் அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்.

திங்கட்கிழமை ஒரு பெரியவர் சுவர் ஓட்டையை அடைக்கிற பட்டி வாங்க வந்தார். கணேசன் சாரின் பக்கத்து வீட்டுக்காரர். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவரோ நிதானமாகச் சொன்னார்: “எங்க சுவர்ல மாட்டின மாசக் காலண்டர்ல பதினெட்டாம் தேதியக் காணோம்மா. அன்னிக்குத்தான் நான் பல் டாக்டர்கிட்ட போகணும்!”

ஆணி அடிக்காத வீடு

அப்புறம் ஒரு சனிக்கிழமை வந்தவர் சத்தமே இல்லாமல் பேசினார். கூரையில் மாட்டுகிற கனமான கொக்கி ஒன்று வேண்டும். தூளி கட்ட. மனைவி கவிதாவுக்கு மூன்று மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். துணைக்கு அவர் மாமியார், கவிதாவின் அம்மா, வந்திருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, குழந்தைக்கென்று முன்கூட்டி எதுவும் வாங்கி வைக்கவும் கூடாது. “உங்களுக்குத் தெரியாததா சார்?” என்றேன்.

“தெரியும்மா. ஆனா வாங்காம இருக்க முடியலை” என்றவர், கொக்கியை வாங்கி அப்படியே என் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோக பயம். அதெல்லாம் சும்மா என்று நான் சொல்லவில்லை. என் இரண்டு பிள்ளைகளின்போதும் என் வீட்டிலும் ஆணி அடிக்கவில்லையே. பேப்பரில் சுற்றிப் பெயர் எழுதி, பில் புக்குக்கு அடியில் டிராயரில் வைத்தேன். வாயை மூடவே தெரியாத ஏழுமலை பின்பக்கம் போய் ஒரு பலகையை எடுத்து வந்தான். அப்புறம் சொன்னான்: “சார், நீ வூட்ல சுத்தியலே தொடாத. கை அரிச்சா இங்க வா, பலகை தரேன், இஷ்டத்துக்கு அடிச்சிக்கோ.”

கடைக்குப் பின்னால்

நிஜமாகவே வந்தார்! ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்பக்கம் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்டூல் செய்தார். மூன்று கால் தரையில் நிற்கும், நாலாவது கால் நிற்காது. நான் வீட்டு நிலவரம் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். சுத்தியல் சத்தம் சீராக விழுந்தால் எல்லாம் நல்லபடி என்று எடுத்துக்கொள்வேன்.

ஏழாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. போன் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. டிராயரைத் திறந்து கொக்கியைப் பார்ப்பேன், மூடுவேன். சாமி, இந்தத் தடவையாவது என்று எத்தனை முறை வேண்டிக்கொண்டேனோ. மூன்றாவது வாரம் வந்து நின்றார். டாக்டர் கவிதாவைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றுவிட்டாராம், மற்றபடி நலம். நான் திட்டித் தீர்த்துவிட்டேன். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “இன்னா சார் நீ! ரெண்டு வாரமா உன் ஸ்டூலாண்ட பேசிக்கினு கீறேன்.”

இன்னொண்ணு

ஒரு புதன்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வெளியே நின்றார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. “பொண்ணும்மா! ரெண்டே முக்கால் கிலோ. அதக் குடுங்க” என்று கையை நீட்டினார். பதினோராம் நாள் தொட்டிலில் போடத்தான் கொக்கி. அவருக்கு அதுவரை பொறுக்குமா? ஏழுமலை மெஷினை எடுத்தான். முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். அத்தனை வருஷத்தில், நாங்கள் விற்ற சாமான் ஒரு வீட்டில் எப்படி வாழ்கிறது என்று அன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன். ஷெல்ஃப் சாய்ந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் காபி எடுத்துப் போக வந்திருந்த மாமியார், சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் போட்ட சத்தத்தில் எல்லார் தலையிலும் சிமென்ட் தூள். கொக்கியை முடுக்கியதும் கணேசன் சார் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். அது அசையவில்லை. அவர் தொங்கியபடியே அழுதார், நானும் அழுதேன். ஏழுமலை சாமான்களை மூட்டை கட்டும்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார்: “மாப்ளே, அப்படியே பக்கத்துல இன்னொண்ணும் போட்டுடுங்கோ. அடுத்த தடவையும் ஆணி அடிக்காம யாரால காத்துண்டிருக்க முடியும்?”

பதினோரு வருஷத்தில் நான் விற்ற அத்தனை ஆணியிலும் ஸ்க்ரூவிலும், உடனே மாட்டாமல் ஆறு மாதம் சும்மா வைத்திருந்த அந்த ஒன்றுதான் ஆடாமல் நின்றது. மற்றதெல்லாம், உங்கள் வீட்டில் மாதிரியேதான்.