கை தூக்கித் தேர்ந்தெடுத்த டேப்பு

எங்கள் சங்கத்தில் கமிட்டி உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒருவருக்கும் தெரியாத விஷயம் மேசைக்கு வந்தால் உடனே ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். தெரிந்த விஷயமாக இருந்தால் ஒத்திப்போடுவார்கள். நான் செயலாளர். கடிதம் தட்டுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, டீ ஊற்றுவது எல்லாம் என் தலையில். ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் டீ விஷயத்தை மட்டும் ஓட்டுக்கு விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் சங்கத்துக்குப் பொன்விழா வந்தது. கோலாலம்பூர் தொலைக்காட்சியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமைத் தமிழ்ச் செய்தியில் விழாவை ஒரு நிமிடம் காட்டலாம், டிவி நிலையங்களில் ஓடும் முக்கால் இஞ்சு டேப்பில் எடுத்து அனுப்புங்கள், படத்தின்மேல் எழுத்து எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றே வரி. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அந்த ஒரு நிமிடத்துக்கு நான் ஆலாய்ப் பறந்தேன். தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் எனக்கு வேலை. விழாவில் கும்மி அடிக்க என் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை மூன்று மாதமாகப் பழக்கிக்கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அம்மாமார்கள் உட்கார்ந்து சிவப்புப் பாவாடை தைத்தார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர் முகமும் அதுவரை டிவியில் வந்ததில்லை. "வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் டிவியில வருவீங்க" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் வாய் சும்மா இருக்காது.

தீவில், சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கமிட்டி கூடியது. கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரை அழைத்திருந்தோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, முக்கால் இஞ்சு கேமரா வாடகைக்கு கிடைக்கும். அதுலயே எடுத்து அவங்களுக்கு அனுப்பிருவோம். உங்களுக்கு வீட்டுல பாக்க தனியா காப்பி போட்டுத் தர்றேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வுபெற்ற பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; யாழ்ப்பாணத்துப் பேச்சு. "தம்பி, ரீவீக்காரன் பார்க்கிறதுக்கு முன்னம் கமிட்டி பார்க்க வேணும். கமிட்டி பார்க்காமல் ஒரு சாமானும் இஞ்சயிருந்து வெளியில போனதில்லை. எங்கட வீட்டில பீட்டா வீடியோப் பெட்டிதான் கிடக்கு. பீட்டாவில எடும்."

"பீட்டாவ எவன் இப்ப வாங்குறான் லா?" என்றார் பொருளாளர். அவருக்கு மின்சாமான் கடை; அடுக்கி வைத்து விற்றதெல்லாம் வி.எச்.எஸ். பெட்டி. "ஊரே வி.எச்.எஸ். பாக்குது."

ஒரு வகை டேப்பு மற்ற வகைப் பெட்டிக்குள் நுழையாது. பிறகென்ன, ஓட்டு. பீட்டாவுக்கு நான்கு கை, வி.எச்.எஸ்ஸுக்கு ஐந்து கை. முக்கால் இஞ்சுக்கு ஒரு கையும் இல்லை. ஐந்தாவது கை என்னுடையது. கோலாலம்பூர் கடிதத்தைப் பிரித்துப் படித்தவளும் நான்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் வி.எச்.எஸ். பெட்டிதானே இருந்தது! கும்மியை வீட்டில் போட்டு அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. வீடியோ தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டீ ஊற்றப் போய்விட்டேன்.

விழா நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் ஒரு அடி பிசகவில்லை. அதன் பிறகுதான் ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை. தலைவர் வீட்டில் பார்ப்பதற்காக வி.எச்.எஸ்ஸிலிருந்து பீட்டாவுக்கு ஒரு காப்பி. பார்த்த தலைவர், தன் உரை முன்னால் வரவேண்டும், கமிட்டியின் பெயர்கள் படத்தின்மேல் ஓடவேண்டும் என்றார். அதைச் செய்து பீட்டாவிலிருந்து மறுபடி வி.எச்.எஸ்ஸுக்கு. கடைசியில் ஒருவருக்குக் கடிதம் ஞாபகம் வர, அதிலிருந்து முக்கால் இஞ்சுக்கு. "கேட்டது முக்கால் இஞ்சு, குடுத்தது முக்கால் இஞ்சு. இனி என்ன?" என்றார் தலைவர். காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்கப் படம் மங்கும்; தண்ணீர் ஊற்றி ஊற்றி மோர் பெருக்கினால் பெயருக்குத்தான் மோர். சங்கத்திலிருந்து எது வெளியே போனாலும் தலைவரின் புகைப்படம் ஒன்று கூடவே போவது எங்கள் மரபு. அதையும் உறையில் வைத்து நானே ஒட்டினேன்.

புதன்கிழமை பள்ளிக்கு டெலிபோன் வந்தது. தொலைக்காட்சியில் வேலை செய்யும் ஒரு அண்ணன், நல்ல மனுசன். "டீச்சர், பிள்ளைங்க மொகமே தெரியல. செவப்பா என்னமோ சுத்துது, அதுக்கு மேல பேரு பேரா ஓடுது. மொதல்ல எடுத்த டேப்பு இருக்கா? வி.எச்.எஸ்ஸா இருந்தாலும் பரவால்ல. இன்னைக்கே பஸ்ல போட்டுருங்க, நாங்க சமாளிச்சுக்கிறோம்."

தெய்வமே வந்து வாசலில் நின்ற மாதிரி இருந்தது. பெர்ரிப் படகில் தீவுக்குக் கடந்து, மூச்சிரைக்கப் பொருளாளர் கடைக்கு ஓடினேன். மூல டேப்பு அவரிடம்தான் இருந்தது. சந்தோஷமாக எடுத்து வந்து கடைப் பெட்டியிலேயே போட்டுக் காட்டினார். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். ஏற்றி முடிப்பதற்குள் ஒரு வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே குதிக்கிறான். அதற்குப் பிறகு முழுக்க சினிமாதான்.

"சனிக்கிழம டிவியில நல்ல படம் போட்டான். புது டேப்பு, எதுக்கு சும்மா கெடக்கணும்? அதான் மூணு காப்பி எடுத்தாச்சே லா!" என்றார் பொருளாளர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் காலிலேயே போட்டிருப்பேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா? அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, இல்லை என்றேன். "சரி, கையில இருக்கறத வச்சுப் பாக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை, தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக் கிராணி வீட்டு டிவியை வெளியே தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தார்கள். லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனம் மொத்தமும் தரையில் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு பேரும் அதே சிவப்புப் பாவாடையோடு முன்வரிசையில்.

செய்தி வந்தது. வாசிப்பவர் அழகாக வாசித்தார்: "மாணவிகளின் கும்மி அனைவரையும் வெகுவாகக் கவர்ந்தது." திரையில் தலைவரின் புகைப்படம். கோட்டு, டை, நெற்றியில் மூன்று பட்டை. அண்ணன் கையில் இருந்தது அது ஒன்றுதான். எழுத்து இல்லாமல், அசையாமல், முகம் பளிச்சென்று தெரிந்தது. வாசித்து முடிக்கும்வரை அவரேதான் நின்றார். பிறகு வானிலை.

முன்வரிசையில் ஒரு பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், கும்மி அடிச்சது அவரா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். டீச்சர் வீட்டுப் பெட்டிக்காக டீச்சர் கை தூக்கினேன் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

"டிவிக்காரங்க தப்பும்மா. அவங்க சரியா போடல" என்றேன்.