எட்டுப் பனல்களும் ஒரு சிலிண்டரும்

கிண்ணியா றுவைஸ், கூரைகளில் சோலார் பொருத்துவதற்கு முன் பெற்றோல் செட்டில் பம்ப் பிடித்தவர். 2022இல் எரிபொருள் கப்பல் வராத நாட்களில், மூன்று நாள் வரிசையில் நின்ற ஒருவர் எறிந்த கல் அவருடைய புருவத்தைப் பிளந்தது. எறிந்தவரில் அவருக்குக் கோபமில்லை. ஒரு நாடே கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் கோபம். வேலையை விட்டுத் தொழில் பழகி, திருகோணமலை தொடக்கம் மூதூர் வரை அறுபது கூரைகளில் பனல் ஏற்றினார். வெயில் வாங்க டொலர் தேவையில்லை என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

உப்புவெளியில் ஞானசேகரம் ஐயா வீட்டுக்கும் அவர்தான் எட்டுப் பனல் போட்டார். ஐயாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. அறையில் ஒட்சிசன் இயந்திரம் ஓடும். பகலில் அவரைப் பராமரிப்பது என் வேலை. பனல் வந்த மாதமே மகள் லோஜினி, இனித் தேவையில்லை என்று பழைய ஜெனரேட்டரை உறவினருக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இயந்திரம் ஒரு தடவை அலறி அடங்கியது. வெளியே கண் கூசும் வெயில். பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும், சுவரிலிருந்த இன்வேட்டரும் நின்றுவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய ஒட்சிசன் சிலிண்டரை மாட்டினேன். அதன் அளவு முள்ளைப் பார்த்தால் ஐம்பது நிமிடம் தாங்கும். ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள்.

றுவைஸை அழைத்தேன். லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் இந்த இன்வேட்டரும் நிற்கும், தெருக் கம்பியில் வேலை செய்பவருக்குக் கரண்ட் அடிக்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு, பொருத்திய அன்றே ஐயாவிடம் சொன்னேன் என்றார். ஐயா தலையாட்டியிருப்பார். எதற்கும் தலையாட்டுவார். நான் ஒட்சிசன் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். அறைக்குள் அப்படியொன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

“எவ்வளவு நேரம் இருக்கு மிஸ்?”

“ஐம்பது நிமிஷம்.”

“என்ட வீட்டுப் பற்றறியக் கழட்டிக்கொண்டு வாறன்.”

ஐயாவை நிமிர்த்தி, முன்னால் மேசையில் தலையணை வைத்துச் சாய்த்தேன். சிலிண்டர் கூட நேரம் தாங்கட்டுமென்று ஒட்சிசனைச் சிறிது குறைத்தேன். விரலில் மாட்டிய கருவி, இரத்தத்தில் ஒட்சிசன் எண்பத்தெட்டு என்று காட்டியது. கதைக்க வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

“முந்திக் கப்பலப் பாத்தம். இப்ப... றுவைஸப் பாக்கிறம்.”

நாற்பத்தெட்டாவது நிமிடம் ஓட்டோ வந்தது. லோஜினி வாசலிலேயே மறித்தாள்.

“கூரையில எட்டுப் பனல் காயுது. அப்பான்ர மூச்சுக்குக் காணாதோ? மெயினை நிப்பாட்டிப்போட்டு நேரா குடுங்கோ.”

“ஏலாது தங்கச்சி. நேராக் குடுத்தா மிஷின் எரிஞ்சி போகும். பிறகு கரண்ட் வந்தும் பிரயோசனமில்ல.”

அவள் விலகவில்லை. நான்தான் அவளைத் தள்ளிவிட்டு, பற்றறியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். றுவைஸ், லைன் இல்லாமலும் பற்றறியில் ஓடும் தன் வீட்டு இன்வேட்டரைத் தரையில் வைத்து வயர்களை முறுக்கத் தொடங்கியபோது சிலிண்டர் தீர்ந்தது. எண்பத்தொன்று. ஐயாவின் உதடு நீலமாகியது. அப்படியிருந்தும் றுவைஸ் ஒவ்வொரு முனையையும் இரண்டு தடவை பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

இயந்திரம் உறுமியது. எண்பத்தைந்து. பிறகு தொண்ணூறு.

றுவைஸ் உட்காரவில்லை. கூரையில் ஏறி, இரண்டு பனல்களின் வயர்களைக் கழற்றித் தன் இன்வேட்டர் வழியாகப் பற்றறிக்குக் கொடுத்தார். தாமதித்து வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் ஐயாவைப் பார்த்து, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். மாலை ஐந்துக்குக் கரண்ட் வரும்வரை அதில்தான் ஐயா மூச்சு விட்டார்.

“நாட்டப் பத்தியே கதைச்சன் மிஸ்,” என்றார் றுவைஸ், போகும்போது. “அறைக்குள்ள எட்டிப் பாக்கல்ல.”

உள்ளே இப்படி உயிர் காக்கும் இயந்திரம் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க, மறுவாரமே அறுபது வீடுகளுக்கும் புறப்பட்டார். இரண்டாம் வீட்டிலேயே, கூரைக்காரனுக்குப் படுக்கை அறையில் என்ன வேலை என்று ஸுல்பிகா என்ற பெண் கதவைச் சாத்தினாள். அவள் கேட்டதும் நியாயம்தான். அதனால் வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில், ஐயா வீட்டு வேலை முடிந்து மாலையில் நானும் போகிறேன். அவர் வாசலில் நிற்பார். நான் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வேன். இதுவரை முப்பத்தொரு வீடு. நான்கில் பற்றறி வேண்டியிருந்தது.