கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் பிறந்த சங்கம்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு ப்ளே ஸ்கூல் நடத்திவந்தேன். அடுத்த தெருவில் இன்னொரு மிஸ்ஸும் அதையேதான் நடத்தினார். ஜூன் மாதம் அட்மிஷன் நேரம் வந்தால் எங்கள் இருவருக்கும் ஆகாது. அவர் சுவரில் யானை வரைந்தால் நான் ஒட்டகச்சிவிங்கி வரைவேன். மற்ற மாதங்களில் மார்க்கெட்டில் பார்த்தால் லேசாகச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு வருடம், மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னிடம் சேர்ந்தது. கூப்பிட்டால் திரும்பாது. எல்லோரும் பாட்டுப் பாடும்போது ஜன்னல் பக்கம் போய் நிற்கும். உட்காரச் சொன்னால் சிரித்துவிட்டு ஓடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அதன் அம்மாவிடம், "ரொம்ப அடமா இருக்கா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தார். குழந்தை மட்டும் எனக்கு டாட்டா காட்டியது.

சில மாதம் கழித்துச் சிதம்பரத்தில் சின்னப் பிள்ளைகளின் டீச்சர்களுக்கு ஒருநாள் பயிற்சி. பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுதான் காலி. அதுவும் அடுத்த தெரு மிஸ் பக்கத்தில். கொஞ்ச நேரம் இருவரும் அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"என்கிட்ட ஒரு பொண்ணு வந்துச்சு மிஸ். கூப்ட்டா திரும்பிக்கூட பாக்காது. மூணே வாரம், அனுப்பிட்டேன்."

"புருவத்துல மச்சம் இருக்குமா?"

"ஆமா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பினார். பால்வாடி டீச்சராம், அவரும் அதே பயிற்சிக்குத்தான் போகிறார்.

"அந்தப் புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாத்தீங்களா?"

எங்கள் சிரிப்பு நின்றுபோயிற்று.

"உங்கள கொற சொல்லல. என் பால்வாடில ஒரு புள்ள இப்பிடித்தான் இருந்துச்சு. நாலு மாசம் நானும் திட்டிக்கினுதான் இருந்தேன்."

அன்றைய பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனோம். அம்மா வாசலை மறித்தபடி நின்றார்.

"இன்னும் இன்னா சொல்லணும் மிஸ்?"

பால்வாடி டீச்சர் நயமாகப் பேசி, ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வாங்கிக்கொண்டார். குழந்தை முற்றத்தில் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் போய் ஓங்கித் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதிலில் இருந்த காகம் பறந்தது. குழந்தை அடுத்த செருப்பை எடுத்து வைத்தது.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கூப்ட்டா வரலன்னு எத்தினி தடவ அடிச்சிருக்கேன்..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் அழுகை வந்தது.

சிதம்பரத்தில் காது டாக்டரிடம் காட்டினோம். பல நாள் அலைச்சலுக்குப் பிறகு மெஷின் வந்தது. அதை மாட்டிய முதல் காலையில் குக்கர் விசில் அடித்ததும் குழந்தை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டதாம். போனில் அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குழந்தையை அடுத்த தெரு மிஸ்ஸிடமே மறுபடி சேர்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

சிதம்பரத்துக்கு அப்படி பஸ்ஸில் அலைந்தபோதுதான், சின்னப் பிள்ளைகளின் டீச்சர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். தலைவர் பதவி வேண்டாம் என்று பால்வாடி டீச்சர் ஒரேயடியாக மறுத்தார். அதனால் அவரையே தேர்ந்தெடுத்தோம். பதிவு செய்யப் போன இடத்தில் குமாஸ்தா கேட்டார்: "பாப்பாங்களுக்கெல்லாம் சங்கமா? ஸ்ட்ரைக் பண்ணுவாங்களா?"

அடுத்த தெரு மிஸ் சளைக்கவில்லை. "தெனம் காலைல பண்றாங்க சார்."

எங்கள் முதல் விதி இதுதான்: வேறு இரண்டு டீச்சர்கள் வந்து பார்க்காமல் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. மாதம் ஒரு சனிக்கிழமை, கடலூரில் ஒரு தடவை, சிதம்பரத்தில் ஒரு தடவை என்று கூடுகிறோம். சண்டை ஜாஸ்தி, சாப்பாடு அதைவிட ஜாஸ்தி.

போன மாதம் சிதம்பரத்துப் புது மிஸ் ஒருவர் கூட்டத்தில் அழுதேவிட்டார். இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று எல்லோரையும் கடிக்கிறதாம். பெற்றோர்கள் சத்தம் போடுகிறார்களாம். மறுவாரம் இரண்டு பேர் போனோம். நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சி, வாயைத் திறக்கச் சொல்லி, ஈறை விரலால் தடவிப் பார்த்தேன். கடைவாயில் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

"பல்லு மொளைக்குது மிஸ், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் என் விரல் மாட்டிக்கொண்டது.