அவள் என்னைத் திட்ட வேண்டுமென்று ஜெபித்தேன்

2004 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. நிரோஜினி விடுப்புக் கேட்டு என் மேசைக்கு வந்தாள். நாவலடிக் கடற்கரைப் பிள்ளை. வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சின்ன விடுதிக் கல்லூரியில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். நான் கணக்கு படிப்பித்தேன். மாணவர் நலனும் என் பொறுப்புத்தான்: விடுப்புத் தாளில் கையெழுத்து, காய்ச்சலுக்குப் பனடோல், பின்தங்கியவர்களுக்கு மேலதிக வகுப்பு.

நத்தார்ப் பண்டிகைக்குப் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளையும் சேர்த்து, கணக்கில் பின்தங்கிய நான்கு சைவப் பிள்ளைகளை நான் மறித்து வைத்திருந்தேன்.

"தம்பிக்குப் பிறந்தநாள் சேர். அம்மா வரச் சொன்னவ."

"பின்னம் கூட்டத் தெரியாம வீட்ட போய் என்ன செய்யப்போறாய்? உங்கட வீடும் கடலும் அங்கதானே கிடக்கும் புள்ள. எங்க போகப் போகுது?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஞாயிறு காலை, ஆராதனைக்கும் போகாமல் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீதியில் ஒருவர், "கடல் வருது" என்று கத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். மாணவர் நலப் பொறுப்பாளரான நான் முதல் ஆளாகத் தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறிவிட்டேன்.

"சேர், புள்ளையள் கீழ நிக்குதுகள். நீங்க எங்க போறீங்க?" என்று விடுதி மேட்ரன் அக்கா கேட்டா.

தண்ணீர் எங்கள் பக்கம் வரவே இல்லை. எனக்கோ இறங்கத் தெரியவில்லை. நிரோஜினிதான் என் காலைப் பிடித்து, "வலது கால வைங்க சேர்" என்று படி படியாக இறக்கினாள். அப்போது அவளுடைய வீடு இல்லாமல் போயிருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

அம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அப்பாவும் தம்பியும் கிடைக்கவில்லை.

போக இடமில்லாமல் விடுதிக்கே திரும்பி வந்தாள். பேசவில்லை. அழவில்லை. சோற்றுக் கோப்பை வைத்தபடியே இருக்கும். உளவள ஆலோசனை என்று எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்து சான்றிதழும் தந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் இருந்து, அவளைச் சிரிக்க வைக்கப் பகிடி விட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிணத்தடியில கனநேரம் நிக்கிறா சேர்" என்றா மேட்ரன் அக்கா.

உடனே பலகை அடித்துக் கிணற்றை மூடினேன். மூடி முடித்து நிமிர்ந்தால், எதிரே வாவி. அதை எதால் மூடுவது?

அன்று கல்லூரிச் சிற்றாலயத் தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, இவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் இல்லை. இவளை மறித்த வாய் இது. அவளுக்கு வாயைத் தாரும். என்னைத் திட்டட்டும்." பயந்தவன் அல்லவா, கொஞ்சம் மெதுவாகத் திட்டட்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் வகுப்பில் எழும்பினாள்.

"எங்க போகப் போகுதெண்டு கேட்டீங்களே சேர். போயிற்று. எல்லாம் போயிற்று. நீங்க விட்டிருந்தா நான் தம்பியத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன். நீங்க நாசமாப் போவீங்க."

"ஓம் புள்ள" என்றேன். அவள் வாங்குப் பலகையில் தலை வைத்து அழத் தொடங்கினாள். பின்னேரம் வரை அழுதாள். பிறகு, மேட்ரன் அக்கா குழைத்துக் கொடுத்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளைக் காப்பாற்றத்தான் ஆண்டவர் என்னைக் கொண்டு மறித்தார் என்று சபையில் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளுடைய தம்பிக்கு ஐந்து வயது. நான் நன்றி சொல்வது அந்தத் திட்டுக்கு.

2009இல் யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்து பிள்ளைகள் எங்களிடம் படிக்க வந்தார்கள். படிப்புத் தவணை நடுவில் ஒருத்தி, வவுனியா அகதி முகாம்களில் தாயைத் தேட விடுப்புக் கேட்டாள். விதியில் இடமில்லை. கையெழுத்து வைத்தேன், கூடவும் போனேன். தாய் கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் ஒரு பகிடியும் விடவில்லை.

நிரோஜினி இப்போது வாழைச்சேனையில் முன்பள்ளி ஆசிரியை. மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் வாய் திறக்காத ஒருவர் இருக்கலாம். அவருக்காக ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் உங்களுக்கு எதிராகவே வந்தாலும், எழும்பிப் போகாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.