சாராவின் தலை

தடைக்கம்பிகள் இரு பக்கமும் இறங்கி, கார்கள் வரிசையாக நின்று, பாலத்தின் இரும்புத் தளம் முனகிக்கொண்டே எழத் தொடங்கியதும் ஹிஸ்கே இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே மெழுகுத்தாளில் சுற்றிய சர்க்கரை ரொட்டி. வலது கை பொத்தான்மேல் இருக்கிறது, கண் கீழே கடந்துபோகும் பாய்மரத்தின் உச்சியில் இருக்கிறது, இடது கை மட்டும் தனியாக ஒரு வேலை பார்க்கிறது. படகு கடக்க நான்கு நிமிடம். அதற்குள் மூன்று துண்டு. பாலம் தூக்கியிருக்கும்போது காவல் அறைக் கதவை யாரும் தட்டுவதில்லை என்பது ஊரின் ஒழுக்கம். நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லோர் பார்வையிலும் இருக்கிற பெண்ணுக்கு, அந்த நான்கு நிமிடம்தான் அந்தரங்கம்.

ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் இந்தக் கால்வாயில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் தூக்குப்பாலக் காவல். படகுக்காரர்களோடு ஒலிபெருக்கியில் வாயாடுவாள்.

"என்ன ஹிஸ்கே, காலைலயே மூஞ்சி தொங்குது?"

"நீ பாய் கட்டியிருக்கிற லட்சணத்தைப் பாத்தேன், தொங்கிடுச்சு. போ, போ, சுவத்துல இடிக்காம போ."

சீருடைச் சட்டைப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரைகள். மற்றவர்கள் புதினா மிட்டாய் சப்புவதுபோல் அவற்றை மென்றுகொண்டே இருப்பாள். படுத்தால் தொண்டைவரை அமிலம் ஏறிவிடும், அதனால் ஒன்றரை வருடமாகச் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். பாதிரியார் பொறுமையைப் பரிந்துரைத்தார், மருந்துக்கடைக்காரர் இன்னொரு மாத்திரையைப் பரிந்துரைத்தார். அமிலம் இரண்டுக்கும் மசியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் அவள் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் ஒரு வாழைக்காய் பருமனில் குழாயாக நின்றது. நூற்று முப்பத்தெட்டு கிலோ, எண்பத்து நான்காயிற்று. ஊரே கைதட்டியது. அதுவரை அவளை ரொட்டிக்கடையில் இடித்துக்கொண்டு போனவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். கதவு திறந்துவிடப்படுவதற்கு ஒரு பெண் ஐம்பத்து நான்கு கிலோவைக் கப்பமாகக் கட்டவேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி யாரும் வெட்கப்படவில்லை.

பிறகு எடை திரும்ப வந்தது. இப்போது நூற்றுப் பதின்மூன்று. குழாயாகிப்போன இரைப்பைக்கு ஒரு விசித்திரம் உண்டு. கறித்துண்டு ஒன்று போனால் நெஞ்சில் குத்தவைத்து உட்கார்ந்து மணிக்கணக்கில் வதைக்கும். சர்க்கரை ரொட்டி எச்சிலோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஹிஸ்கே பசிக்குச் சாப்பிட்டு வருடங்கள் ஆகின்றன. கோபம் வந்தால் சாப்பிடுவாள். கோபத்தைக் காட்ட முடியாமல் சிரித்துவிட்டு வந்தால் இரண்டு மடங்கு சாப்பிடுவாள். மருத்துவமனையில் எடை பார்த்துத் திரும்பும் வழியில், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு பொட்டலம் முழுவதையும் சாப்பிடுவாள்.

"மனவுறுதி இல்லை" என்பார்கள். உடைந்த கால் சரியாகக் கூடவில்லை என்று மறுபடி கட்டுப் போட வருகிறவனிடம் முதல் கட்டை ஏன் வீணாக்கினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரைப்பைக்கு மட்டும் தெருவுக்குத் தெரு நீதிபதி. இத்தனைக்கும், இந்த அமிலம் முதல் அறுவையே கொண்டுவந்து சேர்த்த வினை. அவள் தின்றாலும் தின்னாவிட்டாலும் அது வரும். அதற்கு இருக்கிற வழி இரண்டாவது அறுவை: குழாயை மேலே துண்டித்து, குடலை இழுத்து அதில் இணைப்பது. முதலாவதைவிட ஆபத்து கூடுதல், அதற்கு மேல் செய்ய அதிகம் மிச்சமும் இல்லை.

ஹிஸ்கேவுக்கு அந்த அறுவை அமிலத்துக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு சர்க்கரை தின்றால் வியர்த்துக்கொட்டி நெஞ்சு படபடத்துப் படுக்கையில் தள்ளிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதைத்தான் விரும்பினாள்.

"எனக்கு வயித்துக்குள்ள ஒரு போலீஸ்காரன் வேணும்," என்றாள், மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "போலீஸ்காரன் எப்ப வருவான்? திருட்டு நடந்த அப்புறம். அதுவும் எல்லாருக்கும் வரமாட்டான். திருடப் போறதுக்கு முன்னாடி உங்க மனசுல என்ன ஓடுது, அதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஓடலை. நான் ஒழுங்காத்தான் சாப்பிடறேன்."

அந்தப் பொய்யை ஆலோசகர் எழுதிக்கொண்டாரா என்று ஹிஸ்கேவுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். யாரோ பின்வாங்கியதால் மூன்று வாரத்தில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை செவிலி தொலைபேசியில் கேள்விகள் கேட்பாள். ஒளிந்து சாப்பிடும் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்றால் அறுவை. "ஆமாம்" என்றால் முதலில் பன்னிரண்டு வாரம் குழுச் சிகிச்சை, பிறகு மறுபடி வரிசை, வசந்த காலம்வரை போகலாம். யாரும் அவளை விலக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறவளுக்கு வசந்தம் வெகு தூரம்.

திங்களுக்கு முந்திய ஞாயிறு அவளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். இந்த நாட்டில் ஒருத்திக்கு ஐம்பது ஆனால் அவள் "சாராவைப் பார்த்துவிட்டாள்" என்பார்கள். வேதாகமத்தில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற சாரா. அந்தக் கிழவியின் பெயரில் ஆளுயரப் பொம்மை செய்து, பிறந்தநாள்காரியின் வீட்டு முன் உட்காரவைத்து, தெருவில் போகிறவர்களெல்லாம் சிரிக்க வழி செய்வார்கள். இது பக்தியா, கொழுப்பா என்று யாரும் கேட்டதில்லை.

காலையில் ஜன்னல் திரையை விலக்கினாள். தோட்டத்துப் பெஞ்சில் சாரா. கம்பளி நூல் தலைமுடி, வரைந்த வாய், உடம்பெங்கும் வைக்கோலும் தலையணையும். அதன் மேல் ஒரு நீல மழைக்கோட்டு. நூற்று முப்பத்தெட்டு கிலோவில் அவள் போட்டிருந்த வேலைக் கோட்டு.

"அந்தக் கோட்டை யார் குடுத்தா?"

கணவன் வீபே காப்பிக் கோப்பையோடு நின்றான். பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன், அதிகம் பேசாதவன். "நான்தான். பழைய துணி ஏதாவது குடுன்னு உங்கக்கா கேட்டா. பரண்ல சும்மா கிடந்துச்சு, வீணாப் போற துணிதானேன்னு..."

"வீணாப் போகல வீபே. இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா எனக்கே ஆவும்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் காப்பியைப் பார்த்தான். "பொண்ணே, நான் யோசிக்கலை," என்றான். உண்மை. அவன் யோசித்திருக்கவில்லை. பரணிலிருந்து ஒரு துணியை எடுத்தான், அவ்வளவுதான்.

மத்தியானம் உறவினர் வந்தார்கள். வழக்கப்படி பிறந்தநாள்காரியோடு நிற்காமல் அவள் கணவன், அக்காள், அக்காள் புருஷன், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அக்காள் யாப்கேவின் புருஷன் ஊபேலே தன் கறுப்பு வெள்ளை நாய் டொப்பெயோடு வந்திருந்தான். அவன் உட்காரவில்லை. தோட்டத்தில் பொம்மையின் தோளில் கை போட்டுக்கொண்டு கூப்பிட்டான்.

"ஹிஸ்கே, இங்க வா! ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுக்கறேன். எது பொம்மைன்னு அடியில எழுதிடறேன், பாக்கறவன் குழம்பக் கூடாதுல்ல!"

சிரிப்பு. "வாயை மூடு ஊபேலே," என்றாள் யாப்கே, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன், உள்ளதைச் சொன்னா தப்பா? நாம என்ன ஒளிவு மறைவுக்காரங்களா?"

உள்ளதைச் சொல்கிறேன் என்கிறவர்கள் எப்போதும் அடுத்தவர் உடம்பில் உள்ளதையே சொல்கிறார்கள். தங்கள் மனசில் உள்ளதை ஒருவரும் சொல்வதில்லை. ஹிஸ்கே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். பொம்மையின் இடுப்பில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "காப்பி போடறேன்," என்று சமையலறைக்குப் போனாள்.

மேஜைமேல் யாப்கே கொண்டுவந்த இன்னொரு சாரா. மசாலா ரொட்டியில் செய்தது, ஒரு கை நீளம், பாதாம் பசையில் பாவாடை, முகமெல்லாம் சர்க்கரைப் பூச்சு. காப்பியோடு வட்டத்துக்கு நடுவே வைத்து அறுக்கவேண்டியது.

முதலில் ஒரு காது. பொம்மைக்குக் காது இல்லாவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஒரு காது மட்டும் இருந்தால் அசிங்கம் என்று இரண்டாவதையும் எடுத்தாள். பிறகு நியாயம் சொல்வது நின்றுபோயிற்று. கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அடுத்த அறையில் யாரோ மழையைப் பற்றிப் பேசினார்கள். தலை முடிந்து தோளுக்கு வந்தபோது கீழேயிருந்து அமிலம் எரிந்துகொண்டு ஏறியது. கண்ணில் நீர் கட்டியது. அதையும் விழுங்கி, அதன்மேல் இன்னொரு துண்டு.

"ஹிஸ்கே."

வாசலில் வீபே. அவள் வாய் நிறைந்திருந்தது. அவன் தலையில்லாத ரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மேஜைக்கடியில் டொப்பெ உதிர்ந்த தூள்களை நக்கிக்கொண்டிருந்தது.

"காப்பி என்னடி ஆச்சு?" என்று யாப்கேவின் குரல் நடையில் நெருங்கியது. "சாராவைத் தூக்கிட்டு வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க!"

வீபே தன் வாழ்நாளில் சொன்ன மிக வேகமான பொய் அதுவாகத்தான் இருக்கும். "ஐயோ, இந்த நாய் பண்ணின வேலையைப் பாருங்க!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். டொப்பெயின் மூக்கில் சர்க்கரை ஒட்டியிருந்தது. கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் அது வாலை ஆட்டியது. ஊபேலே கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். "திருட்டு நாயே! மானத்தை வாங்கறியா?" தோட்டத்தில் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு வந்தான். தூறல் பிடித்திருந்தது.

ஹிஸ்கே வாயைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். "பரவால்ல, பாவாடையும் காலும் இருக்கு," என்று அறுத்தாள். குரல் இயல்பாகவே வந்தது. அந்த இயல்புதான் அவளைப் பயமுறுத்தியது. எட்டு வருடப் பழக்கம்.

நாய் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. ஊபேலே வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினான். "பாத்தியா ஹிஸ்கே, வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம். அதுக்கும் ஒரு ஆபரேஷன் பண்ணி விட்டுடலாமா?"

அவிழ்த்துவிடுங்கள், தின்றது நாயல்ல, நான்தான் என்று சொல்ல ஹிஸ்கேவுக்கு நான்கு சொற்கள் போதும். ஒன்றுகூட வரவில்லை. அவர்கள் கிளம்பும்வரை இரண்டரை மணி நேரம் அந்த ஜீவன் அவளுக்காக மழையில் நின்றது.

மறுநாள் பத்தே காலுக்குக் காவல் அறையில் தொலைபேசி மணி. செவிலியின் குரல் இனிமையாகவும் அவசரமாகவும் இருந்தது. மருந்து ஒவ்வாமை உண்டா, ரத்த அழுத்த மாத்திரை என்ன, புகை பிடிப்பதுண்டா. ஹிஸ்கே பதில் சொல்லச் சொல்ல விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வளைவில் ஒரு பெரிய பாய்மரப் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அடுத்தது. கடந்த ஆறு மாசத்துல, மனசை ஆத்திக்கறதுக்காக ஒளிஞ்சு சாப்பிடற பழக்கம்... இல்லைன்னு போட்டுடறேன், என்ன? ஆலோசகர் குறிப்புலயும் அப்படித்தான் இருக்கு." விசைப்பலகையில் ஒரு தட்டு. ஏற்கெனவே போட்டுவிட்டாள். அவ்வளவு சுலபம். ஹிஸ்கே வாயைத் திறக்கக்கூட வேண்டாம். நேற்றும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அழிங்க," என்றாள்.

"என்னதுங்க?"

"அதை அழிச்சிட்டு ஆமான்னு போடுங்க."

தட்டும் சத்தம் நின்றது. "ஹிஸ்கே, ஆமான்னு போட்டா இந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். தெரியும்ல? அவ்வளவு நெஞ்செரிச்சலை வெச்சுக்கிட்டு..."

"தெரியும். எரிச்சலுக்கு ஆபரேஷன் வேணும், அதை நான் விடமாட்டேன். வரிசையில என் பேரை எழுதிவைங்க. ஆனா அந்த ரொட்டியைத் தின்னது நாய் இல்லை."

"எந்த நாய்?"

படகு பாலத்தருகே வந்து ஊதுகொம்பை ஒலித்தது. படகோட்டி தளத்தில் எழுந்து நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"முதல்லேர்ந்து சொல்றேன்," என்றாள் ஹிஸ்கே. "நேத்து மத்தியானத்துலேர்ந்து. நீங்க மெதுவா எழுதிக்குங்க."

இரண்டாவது முறை கொம்பு ஊதியது. அவள் படகுகளுக்கான சிவப்பு விளக்கை அப்படியே எரியவிட்டு, படகோட்டிக்குத் தெரியும்படி இடது உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் பதித்து வைத்துக்கொண்டு, பேசத் தொடங்கினாள்.