என் வீட்டுக்காரருக்கு இடம் பார்த்த கதை

போன வாரம் பால் பூத்தில் ஒரு சம்பவம்.

எனக்கு முன்னால் நின்ற அம்மா பக்கத்துத் தெரு. பாக்கெட்டை வாங்கியவர் நகரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்... ஆனால் பூத்துக்காரருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஐயாவ ஹோம்ல சேத்துட்டீங்களாமே? நெசமா?"

"ஆமாம்மா. நல்ல எடமா அமைஞ்சுது. தள்ளிப் போடக் கூடாதுனு குடுத்துட்டேன்" என்றேன்.

"பொண்ணு குடுத்த மாதிரி சொல்றீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பெண் கொடுத்த மாதிரிதான் எல்லாம் நடந்தது. கேளுங்கள்.

நம்ம ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் பிரசவம். வெறும் 'ஹோம்' என்றால், பெற்ற பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறதாம். ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்து, நர்ஸ் போட்டுப் பார்த்து, நடக்கப் பழக்கி, வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற இடம். ரீஹாப் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை நாக்கில் நிற்கவில்லை. ரிப்பேர் என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதானே?

ரிப்பேருக்கு வந்தது என் வீட்டுக்காரர். ரிட்டயர்ட் கண்டக்டர். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டில் நின்று விசில் ஊதியவர். ஒரு சிராய்ப்பு கிடையாது. ஓடாத பாத்ரூமில், அதுவும் சொந்த பாத்ரூமில், வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ராடு வைத்தார்கள்.

டிஸ்சார்ஜ் பற்றிப் பேசும்போது டாக்டர் கேட்டார்.

"ஆறு வாரம் தினம் ரெண்டு வேள பிசியோ பண்ணணும். டிரஸ்ஸிங் இருக்கு, ஊசி இருக்கு. வீட்ல தூக்கி நிக்க வைக்க யார் இருக்காங்க?"

"நான் இருக்கேன்" என்றேன்.

டாக்டர் என் முட்டியைப் பார்த்தார். முட்டியும் டாக்டரைப் பார்த்தது. நான் அவரைத் தூக்கினால், என்னைத் தூக்க யார் வருவார்கள்? மகனோ ஃபேக்டரியில் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவான்.

"இந்த ஆறு வாரத்த விட்டுட்டீங்கனா, அப்புறம் அவர நடக்க வைக்கிறது கஷ்டம்மா. ஒரு நல்ல ரீஹாப் பாருங்க. மூணு நாள் டைம்" என்றார் டாக்டர்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில், இட்லியைத் தள்ளிவிட்டு, மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ பாக்கப் போற எடம்... நடுவுல வர்ற ஸ்டாப்பா? இல்ல, கடைசி ஸ்டாப்பா?"

எனக்கு எதற்கும் வாயில் ஒரு கிண்டல் ரெடியாக இருக்கும். அன்றைக்கும் இருந்தது. "நடு ஸ்டாப்புதான். எறங்கி டீ குடிச்சிட்டு மறுபடி ஏறிக்கலாம்" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். எந்த இடம் நடு ஸ்டாப், எந்த இடம் கடைசி ஸ்டாப் என்று போர்டைப் பார்த்தா தெரியும்?

எதிர்வீட்டு மும்தாஜிடம் போனேன். தையல் மிஷின் வைத்திருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை நாலு வருஷம் பார்த்தவள். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. சிரிக்கவே மாட்டாள். என்னோடு சுற்ற அப்படி ஒரு ஆள் வேண்டும்.

"சம்பந்தம் பேசப் போற மாதிரிதான்க்கா. சொல்லிக்காம போவணும். அவங்க காட்டுறத பாக்கக் கூடாது. காட்டாதத பாக்கணும்" என்றாள்.

"அப்போ முடிவாகுற வரைக்கும் கை நனைக்கக் கூடாது" என்றேன்.

பெண் கொடுக்க வீடு பார்க்கப் போகும்போது நம்மிடம் இருக்கிற வழக்கம்தானே அது? பிடித்திருக்கிறது என்று சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். மும்தாஜ் சிரிக்காமல் ஒத்துக்கொண்டாள்.

முதல் இடம் கிரிவலப் பாதையில். புது போர்டு. ஆனால் பெயின்டுக்கு அடியில் 'லாட்ஜ்' என்ற எழுத்து இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் ஓடி வந்தார். நேராக ஒரு ரூமுக்குக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்தார்.

"பாருங்கம்மா, படுத்துக்கிட்டே மலை தரிசனம்!"

"மலைய நாங்க அறுவது எழுவது வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கோம். கக்கூஸ காட்டுங்க" என்றேன்.

காட்டினார். சுவரில் பளபளவென்று ஒரு கைப்பிடி. பிடித்து எழ வேண்டியவர் எழுபத்தைந்து கிலோ ஆயிற்றே... லேசாக இழுத்துப் பார்த்தேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. துண்டு மாட்டுகிற கம்பி! அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, மனதில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"பௌர்ணமி அன்னிக்கு பிசியோ உண்டுங்களா?"

நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி என்றால் ரோட்டை அடைத்துவிடுவார்கள். ஆட்டோ நுழையாது. ஊரே ஜனமாக இருக்கும். அன்றைக்கு நர்ஸ் எப்படி வருவாள், ஊசி யார் போடுவார்கள்?

மேனேஜர் நெளிந்தார். "பௌர்ணமிக்கு மட்டும் பேஷன்ட்ட எல்லாம் ஒரே ஹால்ல ஷிப்ட் பண்ணிக்குவோம்மா. பக்தர்கள் ரூம் கேட்டு வர்றாங்க... நாங்களும் புண்ணியம் தேடணும்ல?"

காபி வந்தது. ஏலக்காய் வாசனை. "வேணாங்க, விரதம்" என்றேன். மும்தாஜும் "விரதம்" என்றாள். அவளுக்கு என்ன விரதம் என்று மேனேஜர் கேட்கவில்லை, பாவம்.

இரண்டாவது இடம் பைபாஸ் பக்கம். ஏசி. கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு பெண் இங்கிலீஷில் ஆரம்பித்து, என் புடவையைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தாள். எனக்குப் படிக்க வருவது மூன்றாம் கிளாஸ் வரைக்கும்தான். ஃபைலில் படம் நன்றாக இருந்தது. ஒரு தாத்தா பல் முழுக்கக் காட்டிச் சிரித்தார். எல்லாம் அவ்வளவு சுத்தம். வாசனை மட்டும் தூக்கல். மும்தாஜ் மூக்கைச் சுருக்கினாள்.

"இவ்ளோ சென்ட்டு ஏன்க்கா? எதுக்கு மேல அடிச்சிருக்காங்க?"

நான் ஒரு காலிக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டேன். "என்னம்மா பண்றீங்க?" என்று அந்தப் பெண் பதறினாள். "மெத்தை பாக்குறேன் கண்ணு. நீ போய் அந்தம்மாவுக்கு கிச்சன காட்டு" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். தலைமாட்டில் பெல். அமுக்கினேன். இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்தேன்.

எனக்குக் கடிகாரம் எல்லாம் வெற்றிலைதான். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து, மென்று... முதல் வெற்றிலை முடிந்தது. மறுபடி அமுக்கினேன். இரண்டாவது வெற்றிலையும் முடிந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மெதுவாகச் சொன்னார்.

"அமுக்காத தாயி. கைதான் வலிக்கும்."

எழுந்து வந்துவிட்டேன். ஜூஸ் கொண்டுவந்தார்கள். விரதம்தான்.

ஆட்டோவில் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு நாள் போய்விட்டது. நாளைக்கு ஒரு நாள்தான். அந்த மனுஷன் நடப்பாரா, இல்லை ஃபேனைப் பார்த்தபடியே கிடப்பாரா என்பது என் கையில் இருக்கிறது. என் கைக்கோ கையெழுத்தே கோணல்!

மூன்றாவது இடம் கீழ்பென்னாத்தூர் போகிற வழியில். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. பழைய ஓட்டு வீடு. மலை தெரியாது. ஏசி கிடையாது. ஏழே கட்டில். வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்து, அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். முக்கி முக்கி உரிக்கிறார். ஒரு காய்க்கே வியர்க்கிறது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"சீக்காளிய உக்கார வச்சி கடலை உரிக்க விடுறீங்களா? யாருங்க இங்க பொறுப்பு?"

உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். சிரிப்பில் மும்தாஜுக்கு அக்கா.

"கத்தாதீங்கம்மா. அந்தம்மாவுக்கு பக்கவாதம். வலது கை வராம இருந்துச்சு. பந்து குடுத்தா தூக்கிப் போட்டுட்டாங்க. கடலைனா விட மாட்டாங்க. ஒரு நாளைக்கு பத்து காய். அது அவங்களுக்கு பிசியோ."

கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். அபூர்வம்தான். மும்தாஜ் அதற்குள் உள்ளே போய், கட்டிலில் இருந்த ஒரு அம்மாவின் முதுகைச் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "புண்ணு இல்லக்கா" என்று காதில் சொன்னாள். கைப்பிடியைத் தொங்கி இழுத்தேன். சுவர் வந்தாலும் அது வராது. கட்டிலில் பெல்லுக்குப் பதில் கோவில் மணி மாதிரி ஒரு குட்டி மணி. ஆட்டினேன். வெற்றிலையை எடுப்பதற்குள் ஒரு ஆயாம்மா வந்து நின்றார்.

"பௌர்ணமிக்கு?"

"இந்தப் பக்கம் எந்த ரோட்டயும் அடைக்க மாட்டாங்க. பிசியோக்காரர் வரலனா நான் நடக்க வைப்பேன்" என்றார் சிஸ்டர். "இப்போ நான் கேக்குறேன். உங்க வீட்ல வாசப்படி எத்தனை?"

"ரெண்டு."

"ஒசரம் ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்திதான்."

"கக்கூஸ் குந்துறதா, உக்கார்றதா?"

"குந்துறது."

"மாத்தணும். குந்தக் கூடாது. பாத்ரூம்ல கைப்பிடி வைக்கணும். கட்டில் எவ்ளோ ஒசரம்? ராத்திரி கூப்ட்டா உங்களுக்கு கேக்குமா?"

ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இடம் பார்க்க வந்தது நாங்களா, இவரா? "எங்க வீட்ட பத்தி உங்களுக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்றேன்.

சிஸ்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அங்கதானம்மா அனுப்பப் போறேன்?"

மற்ற இரண்டு இடத்திலும் அவர்கள் இடத்தைக் காட்டினார்கள். இந்த அம்மா ஒருத்தர்தான் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டார். நடு ஸ்டாப்புக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கடலைப் பாட்டி அப்போதுதான் ஒரு காயை வலது கையாலேயே உடைத்திருந்தார். பருப்பை எடுத்து என்னை நோக்கி நீட்டினார். கை ஆடியது. பருப்பு விழுந்துவிடுமோ என்று நான் வாங்கினேன். வாயில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா!" என்று மும்தாஜ் கத்தினாள். "கை நனைச்சிட்டீங்க!"

அட, ஆமாம். சம்பந்தம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். துண்டுக் கம்பி, இரண்டு வெற்றிலை, பௌர்ணமி, கடலை எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "வாசப்படி எத்தனைனு கேட்டுச்சா அந்தம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அன்றைக்கும் தள்ளி வைத்திருந்த இட்லியைக் கிட்டே இழுத்தார். பையில் தன் பழைய விசிலை எடுத்து வைக்கச் சொன்னார்.

ஆறு வாரம். நடுவில் அழுதார், அந்த சிஸ்டரைத் திட்டினார், சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சண்டை போட்டார். வாக்கரைப் பிடித்து முதல் அடி வைத்த அன்று தனக்குத்தானே விசில் ஊதி 'ரைட்' கொடுத்துக்கொண்டாராம். இங்கே என் மகன் ஞாயிறுதோறும் வந்து, சிஸ்டர் சொன்ன லிஸ்ட்படி வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

முந்தாநாள் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, நல்ல காலை முதலில் வைத்து, இரண்டு படியையும் அவரே ஏறினார். நான் அடுப்படிக்கு நடந்தேன். அங்கேயே நின்றால் அழுதுவிடுவேன், அப்புறம் என் மரியாதை என்ன ஆவது? சுடச்சுட சோறு, கத்தரிக்காய் குழம்பு எடுத்து வைத்து, "சாப்ட வாங்க" என்றேன்.

"இரு. எடம் பாக்காம கை நனைக்கிறதா?" என்றார்.

பாத்ரூமுக்குப் போனார். கைப்பிடியை இழுத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உட்கார்கிற கக்கூஸைத் தட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு வந்து, விசிலை எடுத்து ஊதினார். நான் அடுப்படியிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அரை வெத்தலை ஆச்சு" என்றார். "சரி, பௌர்ணமிக்கு லீவு போடுவியா?"

"போட மாட்டேன்யா! வந்து சாப்டு!"

யோசித்தார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார்.

நேற்று காலை பால் பூத்துக்குப் போனேன். அதே அம்மா நின்றிருந்தார். பூத்துக்காரருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ஒரு பாக்கெட் ஜாஸ்தியா குடுப்பா. பொண்ணு மறுவீடு வந்திருக்கு... திருப்பி அனுப்புறதா இல்ல."