கூட வந்தவர்: செல்வி

போன வாரம் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. மூக்கு வழியாகக் கேமரா குழாய் விட்டு நுரையீரலைப் பார்க்கும் டெஸ்ட் எனக்கு. ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே வந்த நர்ஸ் நிமிர்ந்தார்.

"கூட யார் சார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"மயக்க மருந்து கொடுப்போம் சார். ஆள் இல்லாம பண்ண மாட்டாங்க."

மனைவி போய் மூன்று வருஷம். மகள் கனடாவில். வேளச்சேரியில் நான் இருக்கும் அபார்ட்மென்டில் நாற்பது வீடு… யாருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது? வாட்ச்மேன் நம்பர் மட்டும். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவன் நான்! கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன்.

பக்கத்து நாற்காலிப் பெண் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பெருங்குடிக்காரர், பெயர் செல்வி. கணவருக்கும் அதே டெஸ்ட்; உள்ளே இருந்தார்.

"இன்னா சார், இதுக்குப் போயி எழுந்துக்கினு… எப்டியும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன். தங்கச்சின்னு எழுதிக்கோ நர்சம்மா."

எழுதிக்கொண்டார்கள்.

மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் அவர்தான் இருந்தார். என் மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டு. கிளம்பும்போது நம்பர் வாங்கிக்கொண்டேன்.

நேற்று ரிசல்ட். டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்.

"செல்லுக்கெல்லாம் கை மாதிரி ரிசப்டர் உண்டு சார். சுத்தி இருக்கறதைப் பிடிச்சுக்கும். அந்தப் பிடி இல்லேன்னா நுரையீரலே நிக்காது. சில பேருக்கு அதுவே ஓவரா இழுக்கும். இழுக்க இழுக்க, 'காயம் பட்டிருக்கு'ன்னு சிக்னல் போகும். தழும்பு மேல தழும்பு விழும். நுரையீரல் விறைச்சுடும். உங்களுக்கு இப்பதான் ஆரம்பம். முழுசா சரியாகாது… மாத்திரையால வேகத்தைக் குறைக்கலாம்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்வதாக எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாருங்கள் — இப்படி ஒரு செய்தியைச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே தூங்கும் நேரம். பிறகு செல்விக்குப் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்டுக்காரருக்கும் அதேதான் சார். அதே மாத்திரதான்," என்றார். குரல் இறங்கியது. "எனக்குப் பயமா கீது சார். திங்கக்கெழம செக்கப்புக்கு வர்றோம். நீயும் வாயேன்."

திங்கட்கிழமை எனக்கு அப்பாயின்ட்மென்ட் எதுவும் இல்லை. இருந்தாலும் போகிறேன்!